ராக் பாடல் வரிகளில் ஆன்மிகப் பொருள் தேடுவது எப்படி?

முதலில் வரிகளைப் பார்க்காமல் பாட்டை இரண்டு முறை கேளுங்கள். பிறகு ஆல்பத்தோடு அச்சாகி வந்த வரிகளை இசையில்லாமல் வாசியுங்கள். கிட்டார் முழக்கத்தில் ஒரு சொல் தப்பாகக் காதில் விழுந்தாலும், அதன்மேல் கட்டிய விளக்கம் மொத்தமும் சரிந்துவிடும்.

அடுத்து, 'நீ' என்று வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். அது காதலியா, கடவுளா, பாடுபவரின் மனசாட்சியா? மூன்றையும் பொருத்திப் பாருங்கள். இரண்டு பொருந்தினால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஒன்றைத் தள்ளிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை.

மூலநூல் இருந்தால் தேடி எடுங்கள், பொக்கிஷம் அங்கேதான். தி பேர்ட்ஸ் குழு 1965-இல் வெளியிட்ட 'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாட்டின் வரிகள் பெரும்பாலும் பைபிளின் பிரசங்கி 3-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தவை. யூ2 குழுவின் '40' (1983) பைபிளில் உள்ள 40-ஆம் சங்கீதம் என்ற துதிப்பாடலைத் தழுவியது. பாட்டையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து, சேர்த்ததையும் விட்டதையும் குறியுங்கள். முதல் பாட்டின் முடிவில், சமாதானத்துக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று வருவது மூலத்தில் இல்லை; பாட்டை எழுதிய பீட் சீகர் சேர்த்தது. பழைய வசனம் அந்த ஓர் அடியால் வேண்டுதலாக மாறிவிடுகிறது.

பல்லவியை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். சந்தேகமும் கோபமும் பெரும்பாலும் சரணத்தில்தான் இருக்கும், அவையும் பிரார்த்தனைதான்.