வட்ட முத்திரையில் விடுபட்ட ஊர்ப்பெயர்: என் அனுபவம்

காரைக்குடி அருகே ஒரு கல்லூரி அலுவலகத்தில் பணிபுரிகிறேன். முன்னாள் மாணவி ஒருவரின் சான்றிதழ் உண்மையானதே என்று நாங்கள் அனுப்பிய கடிதம், ‘நிறுவனத்தின் பெயர் பொருந்தவில்லை’ என்ற குறிப்புடன் மீண்டும் மீண்டும் திரும்பி வந்தது. முகவரியைத் திருத்தியும், பதிவுத் தபாலில் அனுப்பியும் பயனில்லை.

எங்கள் கல்லூரியைத் தன்னுடன் இணைத்துப் பல்கலைக்கழகம் வழங்கிய ஆணையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோதுதான், கடிதத்தாளின் தலைப்பில் முழுமையாக இருந்த கல்லூரியின் பெயர் வட்ட முத்திரையில் ஊர்ப்பெயர் இன்றியும், மின்னஞ்சலில் வெறும் முதலெழுத்துகளாகவும் இருப்பது தெரிந்தது. முத்திரையின் விளிம்பை எவரும் படித்துப் பார்ப்பதில்லை. ஆனால் வள்ளல் அழகப்பச் செட்டியார் பெயரில் 1947-இல் தொடங்கிய கலைக் கல்லூரியும் 1985-இல் உருவான பல்கலைக்கழகமும் தனித்தனியே இயங்கும் இப்பகுதியில், பெயரின் ஒவ்வொரு சொல்லும் அவசியம்.

ஆணையிலுள்ள பெயரையே மூன்றிலும் இட்டு, புதிய முத்திரையுடன் அனுப்பிய கடிதம் உடனே ஏற்கப்பட்டது; பெரும் நிம்மதி.