ஒட்டாவா குளிரில் லிண்டன் மரம் நட்டு வளர்க்கும் முறை

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் 2008-இல் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களைப் பெருமளவில் அழித்தபின், பல வீட்டு முற்றங்கள் நிழலிழந்தன. அங்கு நடுவதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது சிற்றிலை லிண்டன். இதய வடிவ இலைகளும், கோடைத் தொடக்கத்தில் தேனீக்களை ஈர்க்கும் நறுமணப் பூக்களும், அடர்ந்த நிழலும் கொண்ட இம்மரம், சுழியத்திற்குக் கீழே 30 பாகை செல்சியஸ் குளிரையும் தாங்கும்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இது 15 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது என்பதால், வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி, நல்ல வெயில் படும் இடத்தில் நட வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பை இது தாங்காது. இலைகளில் வாழும் அசுவினிப் பூச்சிகள் பிசுபிசுப்பான நீரைச் சொரியும் என்பதால் கார் நிறுத்துமிடமும் ஏற்றதன்று. ஒட்டாவா அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் தோண்டுவதற்கு முன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளமிடக் கோருவது சட்டப்படி கட்டாயம்.

நிலம் உருகியபின், ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ நடுவது நல்லது. தொட்டியில் வளர்ந்த கன்றின் அடித்தண்டு விரிந்து வேராக மாறும் இடம் பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேல்மண்ணை விரலால் விலக்கி அதைக் கண்டுபிடியுங்கள். குழியின் அகலம் வேர்ப்பந்தைப்போல் (வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டை) இரு மடங்குக்கு மேல் இருக்கலாம்; ஆழமோ, அந்த விரிவு தரைமட்டத்திலோ சற்று மேலேயோ நிற்கும் அளவைத் தாண்டக் கூடாது. ஆழமாக நட்டால் குளிர் தாக்காது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் புதைந்த தண்டின் பட்டை அழுகி, சில ஆண்டுகள் கழித்தே மரம் வாடத் தொடங்கும். வட்டமாகச் சுற்றிய வேர்களை வெட்டிவிட்டு, தோண்டிய மண்ணையே நிரப்பி, நன்றாக நீர் ஊற்றுங்கள். உரக்கடையில் என்ன சொன்னாலும் முதலாண்டில் உரம் தேவையில்லை.

மரச்சில்லு மூடாக்கை 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்தில் பரப்புங்கள். அது தண்டைத் தொடக் கூடாது. மழையில்லாத வாரங்களில் சுமார் 40 லிட்டர் நீர் தேவைப்படும். இலையுதிர்ந்ததும் நிறுத்திவிடாமல், நிலம் உறையும் வரை ஊற்றுங்கள்.

குளிர்காலத்தில் ஆபத்து, கடுங்குளிரைவிட வெயிலால்தான் மிகுதி. பிப்ரவரி பிற்பகலில் தென்மேற்குப் பக்கப் பட்டை சூடேறி, சூரியன் மறைந்ததும் சட்டென உறைவதால் வெடிக்கிறது. எனவே நவம்பரில் தண்டுக்கு வெள்ளை உறையிட்டு, ஏப்ரலில் அகற்றுங்கள். முயல்களும் வயலெலிகளும் பட்டையைக் கடிக்காதிருக்க, பனி குவியும் உயரத்துக்கும் மேலாகக் கம்பிவலை சுற்றுங்கள்.

கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்க, ஏற்ற காலம், மொட்டு விரிவதற்கு முந்தைய மார்ச் மாதம். லிண்டன் அடித்தண்டைச் சுற்றி ஏராளமாகத் துளிர் விடும் வழக்கமுடையது. அவற்றை மட்டும் மாதம் பாராமல் உடனே நறுக்கிவிடலாம்.