வெளிநாட்டிலிருந்து விவாகரத்து சம்மன் வந்தால்

கணவர் வேலை பார்க்கும் நாட்டிலிருந்து விவாகரத்து சம்மன் வந்ததும், பெண் வீட்டார் பலர் "அந்த ஊர்க் கோர்ட் நம்மை என்ன செய்யும்" என்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் பதறிப்போய், குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் வரி வரியாகப் பதில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். திருச்சியில் குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞராகச் சொல்கிறேன், இரண்டுமே ஆபத்து.

பூட்டி வைத்தால் அங்கே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அந்த நாட்டிலுள்ள சொத்தும் ஜீவனாம்சமும் அதன்படியே முடிவாகலாம். வரி வரியாகப் பதில் சொன்னாலோ, அந்த நீதிமன்றத்தின் அதிகார வரம்பை, அதாவது உங்கள் வழக்கை விசாரிக்க அதற்குள்ள உரிமையை, நீங்களே ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கொடுக்கிறீர்கள்.

ஆகவே சம்மனில் உள்ள கெடுவுக்குள் அந்த ஊர் வழக்கறிஞர் மூலம் பதில் போகட்டும். அதன் முதல் பத்தியிலேயே, அதிகார வரம்பை ஏற்கவில்லை, ஆட்சேபணையைப் பதிவு செய்யவே வந்திருக்கிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும். நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் (1991) மனைவி இப்படித்தான் ஆட்சேபித்திருந்தார். திருப்பதியில் நடந்த இந்துத் திருமணத்தை அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றம் முறித்திருந்தது. மணவாழ்வு மீட்க முடியாமல் முறிந்துவிட்டது என்பதே அது சொன்ன காரணம். இந்து திருமணச் சட்டத்தில் அப்படியொரு காரணம் இல்லை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆட்சேபிப்பதற்காக மட்டும் ஆஜராவது அதிகார வரம்பை ஏற்றதாகாது என்றும் சொன்னது. ஆனால் நீங்களும் அந்நாட்டிலேயே நிலையாகக் குடியிருந்து, நம் சட்டத்திலும் உள்ள காரணத்தால் தீர்ப்பு வந்திருந்தால் கதை வேறு. நீங்கள் முழு மனதோடு சம்மதித்திருந்தாலும் அப்படியே.

இந்தியாவில் உங்கள் தரப்பிலிருந்து திருமணம் தொடர்பான மனு போடுவதையும் தள்ளிப்போடாதீர்கள். இந்து திருமணச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, திருமணம் நடந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றின் குடும்ப நல நீதிமன்றங்களில் தாக்கல் செய்யலாம். 2003-க்குப் பிறகு, மனுத் தாக்கலின்போது மனைவி குடியிருக்கும் ஊரிலும் செய்யலாம். மனைவி வெளிநாட்டில் இருக்க, கணவர் இங்கே இருந்தால் அவரும் தம் ஊரிலேயே தொடரலாம். சிறப்புத் திருமணச் சட்டம் 31-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் தனி.

"குடியிருப்பது" என்ற சொல்லில்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும். விடுமுறைக்கு வந்தவர் என்று வாதாடுவார்கள். ஆதார், வங்கிக் கணக்கு, வேலை நியமனக் கடிதம், குழந்தையின் பள்ளிச் சேர்க்கை ரசீது என்று கையில் இருப்பதையெல்லாம் மனுவோடு சேருங்கள். திருமண அழைப்பிதழும் பதிவுச் சான்றும் அவசியம். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்தை நிரூபிக்கப் பாஸ்போர்ட் முத்திரைகள் போல உதவுவது வேறில்லை. கணவர் வெளிநாட்டு விசாவைக் காட்டி இந்தியச் சட்டம் தமக்குப் பொருந்தாது என்றால் அஞ்ச வேண்டாம், விசா மட்டும் ஒருவரின் நிரந்தர வாழிடத்தை மாற்றிவிடாது.

அங்குள்ள வழக்கைத் தொடரக் கூடாதென்று கணவருக்குத் தடையாணையும் கேட்கலாம். நீதிமன்றங்கள் அதை அரிதாகவே தருகின்றன. அதை மட்டும் நம்பி அங்கே ஆட்சேபணை போடாமல் இருந்துவிடாதீர்கள்.

குழந்தையின் பொறுப்பு தனி விவகாரம். காப்பாளர் சட்டம் 9-ஆம் பிரிவின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடமே அங்கு முக்கியம்.

வெளிநாட்டுத் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டதா? நகலெடுத்த தாளை வைத்து வாதாட முடியாது. முறையாகச் சான்றளிக்கப்பட்ட பிரதியை வாங்குங்கள். சம்மன் வந்த உறையையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.