ஓடத் தொடங்கிய பையனோடு வெளியூர் கிளம்புவது எப்படி? ஞாயிறு பூசையிலிருந்து வேளாங்கண்ணி வரை

ஒன்றரை வயதிலோ இரண்டு வயதிலோ பையன் இருக்கிற அம்மாக்கள் எங்கள் தருமபுரியில் அன்பியக் கூட்டத்துக்கு (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் கூட்டம்) வந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "இவனை வச்சுக்கிட்டு எங்கயும் போக முடியலக்கா." முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் வேளாங்கண்ணிக்கு டிக்கெட் போடக் கூடாது. வாரா வாரம் சர்ச்சுக்குப் போகிறோமே, பையனோடு பயணம் போகப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு மணி நேரம் ஓர் இடத்தில் இருப்பது, வரிசையில் நிற்பது, தெரியாத முகங்களைப் பார்த்து அழாமல் இருப்பது, பசி வரும்முன் கிளம்புவது எல்லாமே அங்கே இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறலாம்.

முதல் படி: பூசை

முதலில் பையனின் தூக்கத்தைப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். அவன் பத்து, பத்தரைக்குத் தூங்குகிறவன் என்றால் அந்த நேரத்துப் பூசைக்குக் கூட்டிப் போனால் சிணுங்கத்தான் செய்வான், அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. விடியற்காலைப் பூசைக்குப் போய்விடுங்கள். குளிப்பாட்டி, பாதி வயிறு கொடுத்து, மீதியை வந்து கொடுக்கலாம்.

உட்காரும் இடம் ரொம்ப முக்கியம். எல்லாரும் குழந்தை அழுமே என்று கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள், அங்கே அவனுக்கு முன்னால் இருப்பவர்களின் முதுகு மட்டும்தான் தெரியும், அப்புறம் அவன் ஏன் சும்மா இருக்கப் போகிறான்? நடு வரிசையில் பக்கவாட்டுக் கதவுக்கு அருகே ஓரமாக உட்காருங்கள். பீடம் தெரியும், மெழுகுவர்த்தி தெரியும், பாடகர் குழு தெரியும், வேண்டுமென்றால் இரண்டு எட்டில் வெளியே போய்விடலாம். மறையுரை நேரத்தில் என் பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே மாதா கெபி (குகை மாதிரிக் கட்டிய சின்ன ஜெப இடம்) பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன், காணிக்கைப் பாட்டு தொடங்கும்போது உள்ளே இருப்போம். சமாதானம் சொல்லும்போது முன்னும் பின்னும் திரும்பி எல்லாருக்கும் கைகூப்புவது அவனுக்கு உயிர். நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கும் வரிசைக்கு அவனையும் தூக்கிப் போங்கள், ஃபாதர் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார். பின்வரிசைப் பாட்டி "இங்க குடு கண்ணு, நான் வச்சுக்கறேன்" என்று கை நீட்டினால் கொடுங்கள். மற்றவர் கையில் இருக்கப் பழகிய குழந்தை பேருந்தில் பாதி வேலையை மிச்சப்படுத்துவான்.

சத்தம் வராத ஒரே ஒரு சாமான் போதும், துணிப் புத்தகமோ சின்ன ஜெபமாலையோ. போனைக் கொடுக்காதீர்கள். இங்கே ஒருமுறை கொடுத்துவிட்டால் பயணம் முழுக்க அதையே கேட்பான்.

வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம் என்று 2022-ல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துப் போவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: சாப்பாடும் தண்ணீரும்

நம் பக்கத்து அம்மாக்களுக்குத் தண்ணீர் விஷயம் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். பின்னால் முளைக்கப் போகிற பற்கள் ஈறுக்குள் உருவாகிற வயது இது, பல்லில் விழுந்த கறை பிறகு தேய்த்தால் போகாது. ஆகவே வீட்டில் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து, காய்ச்சி, ஆறவைத்து, ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் எவ்வளவு கிடைத்தாலும் குடிக்க இதுதான்.

சாப்பாட்டுக்கு ராகியை மிஞ்ச எதுவும் இல்லை, அதுவும் நம் மண்ணில் விளைவது. ராகியைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். நிழலில் நன்றாக உலர்த்தி, வாணலியில் வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்து, சலித்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் காலையில் இரண்டு ஸ்பூன் மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்துக் கிண்டி, கொஞ்சம் வெல்லம் சேர்த்து, வாயகன்ற ஃபிளாஸ்கில் ஊற்றினால் காலை வேளைக்குக் கவலை இல்லை. நேராகக் கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் உருண்டை கட்டும்.

மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டுவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. தயிர் ஊற்றிக் கட்டினால் நம் வெயிலுக்குப் பதினொரு மணிக்கே புளித்துவிடும். சாதத்தைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர், துளி உப்பு. டப்பாவைத் திறக்கும்போது சாதமே தயிராக உறைந்திருக்கும், புளிப்பே இருக்காது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

வறுத்த வேர்க்கடலை நம் ஊரில் பேருந்து ஜன்னலுக்கே வரும், பக்கத்து சீட்டுக்காரர்கள் அன்பாக இரண்டு நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முழுக் கடலை, முழு திராட்சை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் எதுவும் இந்த வயதில் கூடாது, ஓடுகிற வண்டியில் ஒரு குலுக்கலில் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும்.

மூன்றாம் படி: பை

பெரிய பை ஒன்று வேண்டாம், தோளில் மாட்டும் பை ஒன்றும் கைக்கு எட்டும் சின்னத் துணிப்பை ஒன்றும் போதும். சின்னதில் தண்ணீர், ஒரு ஜட்டி, ஒரு டவல், வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர், வாழைப்பழம். மற்றதெல்லாம் பெரியதில்.

மருந்துப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர். காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குழந்தை டாக்டரிடம் கேட்டு, இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்று பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே மருந்தாக இருந்தாலும் அடர்த்தி வேறு, ஒன்றின் அளவை மற்றொன்றுக்குக் கொடுக்கவே கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், பாதியை மடித்து வைக்கக் கூடாது. தடுப்பூசி போட்ட மறுநாள் பயணம் வைக்காதீர்கள், அன்றைக்குக் காய்ச்சல் வருவது சாதாரணம்.

கிளம்பும் முன் வாசலிலேயே அன்றைய சட்டையோடு பையனை ஒரு போட்டோ எடுங்கள். கூட்டத்தில் கை நழுவினால் "என்ன கலர் சட்டை" என்ற கேள்விக்கு அதுதான் பதில். சட்டையின் உள்பக்கம் இரண்டு போன் நம்பரை எழுதிவிடுங்கள். 108 எல்லாருக்கும் தெரியும், குழந்தைகளுக்கான 1098-ஐயும் மனதில் வையுங்கள்.

அப்புறம் ஜெபம். எங்கள் வீட்டில் செருப்புப் போடும் முன் நின்று திருப்பாடல் 121 சொல்வோம், போக்கையும் வரவையும் ஆண்டவர் காப்பார் என்று முடிகிற பாட்டு அது. பையனுக்கு இப்போது ஆமென் மட்டும் வரும், அதை அவன்தான் சொல்ல வேண்டும், நாம் சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். குழந்தையை வைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குக் கிளம்பிய மாதாவை நினைத்தால், பயணத்தில் நமக்கு வரும் பயத்தை அவளிடம் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

நான்காம் படி: அரை நாள் பயணம்

இதற்கு கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை நல்லது. தென்பெண்ணையில் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டியது, தருமபுரியிலிருந்து போனால் காவேரிப்பட்டணம் தாண்டி வரும். பூங்கா இருக்கிறது, ஓட இடம் இருக்கிறது. மதியத் தூக்கம் முடிந்து, வெயில் தாழ்ந்ததும் போய், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை குழந்தைக்கும் டிக்கெட் இல்லை. நடுவில் உள்ள சீட்டாகப் பிடியுங்கள், கடைசி சீட்டு தூக்கிப் போடும், முன்பக்கம் இன்ஜின் சூடு அடிக்கும். ஜன்னல் ஓரம் நீங்கள், உள்பக்கம் பையன். வேடிக்கை காட்ட ஜன்னலில் நிற்க வைத்தால் எந்த நொடியில் கையை வெளியே நீட்டுவான் என்று சொல்ல முடியாது.

வாந்தியைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். பயணத்தால் வரும் குமட்டல் இரண்டு வயதுக்குள் அதிகம் வராது, அதற்கு மேல்தான் தொடங்கும். சின்னவன் வாந்தி எடுக்கிறான் என்றால் பெரும்பாலும் ஏறும்முன் வயிறு முட்டப் பால் கொடுத்ததுதான் காரணம். ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு, பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறை இருக்கிறது, கேட்டுப் போய் உட்காருங்கள், அது நமக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: ஒரு முழு நாள்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழி. கிளம்பும் முன் செய்தியில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பாருங்கள், கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். தடை இல்லாவிட்டாலும் இந்த வயதில் பரிசல் வேண்டாம் என்பதுதான் என் உறுதியான எண்ணம். அவன் உடம்புக்கு இறுகப் பொருந்தும் மிதவைச் சட்டை இல்லாமல் ஆற்றில் இறக்கவே கூடாது. அருவிக்கு அடியிலும் நிறுத்தாதீர்கள், ஓரத்தில் ஒரு மக்கில் மொண்டு ஊற்றினாலே சிரித்துத் தீர்த்துவிடுவான். பதிலாக முதலைப் பண்ணையைக் காட்டுங்கள். கையில் தின்பண்டக் கவர் தெரிந்தால் குரங்கு வந்து பிடுங்கும், ஆகவே சாப்பாட்டை உள்ளே எங்காவது உட்கார்ந்து முடித்துவிடுங்கள். மீன் வறுவலில் காரமும் முள்ளும் இருக்கும், அவனுக்குத் தயிர்சாதம்தான்.

ஆறாம் படி: வேளாங்கண்ணி

இதெல்லாம் பழகியபிறகு தாராளமாகப் போகலாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை இந்த வயதுப் பையனோடு போகாதீர்கள், கூட்டத்தில் தோளை விட்டு இறக்கவே முடியாது. வெயில் குறைந்த ஜனவரி, பிப்ரவரி சரி. சேலம், திருச்சி வழியாக ஒரே மூச்சில் போகாமல் நடுவில் ஒரு ராத்திரி தங்குங்கள். திருக்காட்டுப்பள்ளி பக்கம் பூண்டி மாதா கோயில் இருக்கிறது, அங்கே ஜெபித்து, பையனை ஓடவிட்டு, தூங்கி எழுந்து மறுநாள் தஞ்சாவூர் வழியாகப் போனால் அவனும் நீங்களும் தெம்பாக மாதா முன்னால் நிற்கலாம்.

மொட்டை நேர்ச்சை இருந்தால் காலையிலேயே முடியுங்கள். புதுப் பிளேடு கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து தலையைப் பிடிக்க அப்பாவோ தாத்தாவோ இருக்கட்டும், முன்னால் நீங்கள் உட்கார்ந்து பாடுங்கள். முடிந்ததும் தேங்காய் எண்ணெய், பருத்தித் தொப்பி. மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலில் நடக்கிறவர்கள் இருப்பார்கள், இவனுக்கு அது பெரிய மணல் குவியலாகத்தான் தெரியும், அவர்கள் பாதையில் குறுக்கே விழாமல் ஓரமாகக் கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள். கடலில் கால் நனைப்பது என்றால் இடுப்பில் தூக்கிக்கொண்டு மட்டும்.

இரவு எந்த ஊர் அறையில் படுத்தாலும் வீட்டில் செய்கிற வரிசையை மாற்றாதீர்கள்: முகம் கழுவி, பால், நெற்றியில் சிலுவை, காவல் தூதருக்கு ஒரு ஜெபம், விளக்கு அணைப்பு. வீட்டில் அவன் போர்த்துகிற அதே பழைய துணியைக் கொண்டு போங்கள், துவைக்காமல்.