கப்புச்சினோ கதை சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காப்பிக் கடை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பால் நுரைக்கச் சீக்கிரம் வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் நுரைப்பால் காப்பியான கப்புச்சினோவுக்குப் பெயர்க்காரணம் கேட்டால்தான் வம்பு, ஆரம்பத்தில் நாங்கள் அடித்துவிட்ட அதே கதைகளை வரிசை மாறாமல் அவர்களும் அடித்துவிடுகிறார்கள். உச்சரிப்புப் பிழையெல்லாம் தானாகச் சரியாகும், அதை விடுங்கள்.

1683 கதை

இதைக் கேட்டாலே இன்னும் எரிச்சல் வருகிறது. 1683-இல் வியன்னாவை முற்றுகையிட்ட உதுமானியப் படை தோற்று ஓடியபோது விட்டுப்போன காப்பி மூட்டைகளை மார்கோ தவியானோ என்ற கப்புச்சின் துறவி (கப்புச்சின் ஒரு கத்தோலிக்கத் துறவு சபை) எடுத்து, கசப்பு போகப் பாலும் தேனும் கலந்தாராம், அதுதான் கப்புச்சினோவாம். முற்றுகை உண்மை. துறவியும் உண்மை, போப் அனுப்பி, வியன்னாவைக் காக்க வந்த படைகளோடு இருந்தவர், 2003-இல் அருளாளர் பட்டம்கூடக் கொடுத்தார்கள். அதனால்தான் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். காப்பி மட்டும் பிற்பாடு ஒட்டவைத்தது.

தெரிந்தவர் ஒருவர் கடை திறந்தபோது, சொல்லச் சொல்லக் கேட்காமல், ஒரு முழுச் சுவருக்கு இந்தத் துறவியை வரைய வைத்தார்; கையில் நுரை ததும்பும் கோப்பை, கீழே பெரிதாக 1683. மெனு அட்டையிலும் அதே படம். திறந்த வாரமே ஒருவர் வந்து, "இவரு ஸ்டீம் மெஷினை எங்க வாங்கினாரு?" என்று கேட்டுவிட்டார். நியாயம்தானே? நீராவியால் காப்பி இறக்கும் இயந்திரத்துக்கு இத்தாலியின் துரின் நகரில் ஆஞ்செலோ மொரியோண்டோ காப்புரிமை வாங்கியதே 1884-இல். அப்புறம் சுவருக்கு வெள்ளையடித்து, அட்டைகளை மறுபடி அச்சடித்து... அந்தப் பணத்துக்குக் காப்பிக்கொட்டை அரைக்க நல்ல கிரைண்டரே வாங்கியிருக்கலாம்.

சரி, என்ன சொல்வது? வியன்னா காப்பிக் கடைகளில் 'கப்புசினர்' என்று ஒன்று இன்றும் உண்டு. கடுங்காப்பியில் கொஞ்சம் கிரீம் விட்டதும் வரும் பழுப்பு, கப்புச்சின் துறவிகளின் அங்கி நிறம். அங்கேயே 'பிரான்சிஸ்கானர்' என்றும் ஒன்று உண்டு, பால் கூடுதல், நிறம் வெளிறல், அதுவும் ஒரு துறவு சபையின் பெயர்தான். அந்தக் கப்புசினர்தான் இத்தாலிக்குப் போய்க் கப்புச்சினோ ஆனது. நுரை பிறகு வந்து ஏறிக்கொண்டது.

நுரைதான் துறவியின் முக்காடு என்பது

இத்தாலிய மொழியில் 'கப்புச்சோ' என்றால் கூம்பு முக்காடு, சரி. ஆனால் முக்காட்டால் பெயர் பெற்றவர்கள் துறவிகள், அவர்கள் அங்கி நிறத்தால் பெயர் பெற்றது காப்பி.

இத்தாலியில் 'லாத்தே' கேட்பது

வெறும் பால் வரும், அந்தச் சொல்லுக்கு அங்கே அதுதான் அர்த்தம்.

மோக்கா என்றால் சாக்லேட்

இல்லை. மோக்கா ஏமனின் செங்கடல் துறைமுகம், ஒரு காலத்தில் உலகத்துக்கே காப்பிக்கொட்டை ஏற்றியனுப்பிய ஊர். ஏமன் கொட்டைப் பையில் 'மோக்கா' என்று போட்டிருந்தால், சாக்லேட் எங்கே என்று சப்ளையரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எங்களிடம் ஒரு பையன் போயிருக்கிறான்.