டெலிகாஸ்டர் கிட்டாரின் வால்யூம், டோன் வயரிங்கை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

முதன்முறையாக கிட்டார் வயரிங்கில் கை வைக்கிறீர்கள் என்றால் டெலிகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார் வகைதான் வசதி. ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரு மூன்று நிலை ஸ்விட்ச், அவ்வளவுதான். எல்லாம் ஒரே உலோகப் பிளேட்டில் இருக்கும், தந்திகளைக் கழற்ற வேண்டியதில்லை.

நாபைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வருவதுதான் குறை என்றால், முதலில் நாபுக்கு அடியில் இருக்கும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர், திருகித் தடையை மாற்றும் பாகம்) உள்ளே கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து இருபது முறை திருகிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் மேலே படியுங்கள்.

என்னென்ன வேண்டும்

சிங்கிள் காயில் பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும், ஒரே கம்பிச் சுருள் கொண்ட பாகம்) 250 கிலோ ஓம் பாட் இரண்டு. A250K என்று அச்சிட்டிருக்க வேண்டும். B என்றிருந்தால் ஒலி சீராகக் குறையாது. வாங்கும் முன் பிளேட்டின் துளையை அளந்துகொள்ளுங்கள். அமெரிக்கப் பாட் பல ஆசியத் தயாரிப்புகளின் சின்னத் துளைக்குள் நுழையாது. கெபாசிட்டர் 0.047 அல்லது 0.022 மைக்ரோஃபாரட் (மேலே 473 அல்லது 223 என்றிருக்கும்). ‘விண்டேஜ்’ என்று விலை ஏற்றி விற்பதை நான் வாங்க மாட்டேன். சாதாரண பிலிம் கெபாசிட்டரே போதும். 40 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன், ரோசின் கோர் ஈயம் (உள்ளே பிசின் உள்ள பற்றவைப்புக் கம்பி), மல்டிமீட்டர்.

கழற்றுவது

கேபிளைப் பிடுங்கிவிட்டு, கிட்டார் மேல் பழைய துணி ஒன்றை விரியுங்கள். ஒரு சொட்டு ஈயம் பட்டாலும் பெயின்ட் போச்சு. பிளேட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றித் தூக்கியதும், எதையும் தொடும் முன் பல கோணங்களில் போட்டோ எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களில் 1967க்கு முந்தைய வயரிங்கும் கலந்திருக்கும். அதில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் நிலையே கிடையாது. உங்கள் போட்டோவையே நம்புங்கள். ஸ்விட்சில் கை வைக்காதீர்கள்.

பற்ற வைப்பது

புதுப் பாட்டின் முதுகு உங்களைப் பார்க்க, மூன்று கால்களும் கீழே இருக்கும்படி பிடியுங்கள். வால்யூமில் இடது காலுக்கு ஸ்விட்சிலிருந்து வரும் வயர், நடுக்கால் ஜாக்கில் (கேபிள் செருகும் இடம்) பிளக்கின் நுனியைத் தொடும் முனைக்கு, வலது கால் பாட்டின் முதுகுக்கு. டோன் பாட்டிலும் வலது கால் முதுகோடு. இடது கால் சும்மா இருக்கட்டும். கெபாசிட்டரின் ஒரு கால் வால்யூமின் இடது காலில், மறு கால் டோனின் நடுக்காலில்.

பிக்கப்புகளின் கிரவுண்ட் (பொதுவான தரை இணைப்பு) வயர்கள், பிரிட்ஜிலிருந்து (தந்திகள் உட்காரும் உலோகப் பகுதி) வரும் வயர், ஜாக்கின் கிரவுண்ட் எல்லாம் வால்யூம் பாட்டின் முதுகில் சேர வேண்டும். அங்கிருந்து டோன் முதுகுக்கும் ஒரு வயர். புதியவர்கள் திணறுவது இந்த முதுகில்தான். அந்த உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும். ஈயம் உருண்டையாக மேலே உட்காரும், ஒட்டாது. உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, முதலில் வெறும் முதுகில் கொஞ்சம் ஈயம் பூசுங்கள். அது தண்ணீர் மாதிரி பரவியதும் அயர்னை எடுத்துவிடலாம். அப்புறம் வயரை வைத்துச் சூடேற்றினால் நொடியில் பிடித்துக்கொள்ளும். ஈயம் இறுகும்வரை வயரை அசைக்கக் கூடாது.

சோதனை

மூடும் முன், ஜாக்கில் கேபிளைச் செருகி மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். வால்யூம் முழுதாக இருக்கும்போது ஒரு பிக்கப்புக்குச் சுமார் 6 முதல் 8 கிலோ ஓம் காட்டினால் சரி. எதுவும் காட்டாவிட்டால் எங்கோ வயர் விட்டிருக்கிறது. பூஜ்யம் காட்டினால் எங்கோ கிரவுண்டோடு உரசுகிறது. தந்திக்கும் பிளக்கின் உடலுக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பிரிட்ஜ் வயர் விட்டுப்போயிருக்கிறது, ஆம்பில் இரைச்சல் தாங்காது.

பிறகு ஆம்பில் போட்டு, ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையிலும் பிக்கப்பை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நாப் தலைகீழாக வேலை செய்தால் இடது, வலது கால்கள் மாறியிருக்கின்றன; அதை மாற்றிப் பற்றவைத்துவிட்டு பிளேட்டை மூடுங்கள், வயர் எதுவும் இடுக்கில் நசுங்காமல்.