கம்பளையிலிருந்து நுவரெலியா வரை: மலைப்பாதைச் சைக்கிள் நிகழ்வுக்கு முதன்முறையாகத் தயாராகும் முறை

மலையகத்தில் நடைபெறும் நெடுந்தூரச் சைக்கிள் நிகழ்வுகளுக்குப் புதிதாகப் பெயர் கொடுப்பவர்கள், பாதை எத்தனை கிலோமீற்றர் என்று கேட்கிறார்கள். எத்தனை மீற்றர் உயரம் ஏற வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த விளக்கத்துக்கு எடுத்துக்காட்டாக ஏ5 வீதியில் கம்பளையிலிருந்து நுவரெலியா வரையான பகுதியை எடுத்துக்கொள்கிறேன். 500 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் உள்ள கம்பளையிலிருந்து, 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவை அடைய ஏறத்தாழ 55 கிலோமீற்றர் ஓட வேண்டும். சராசரியாகக் கணக்கிட்டால் சரிவு 2.5 சதவீதம்தான் வரும். ஆனால் இறம்பொடையிலிருந்து லபுக்கலை நோக்கிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை.

முதலாவது படி: கியரைச் சரிபார்த்தல்

பெடலோடு சேர்ந்த முன் பற்சக்கரத்தில் உள்ள பற்களையும், பின் சில்லில் உள்ள மிகப் பெரிய பற்சக்கரத்தின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். முன்னால் 34, பின்னால் 34 என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் ஏறத்தாழ 2.1 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 7.5 கிலோமீற்றர் அளவில் இருக்கும். வேகமாக நடப்பதைவிடச் சற்றே கூடுதலான இந்த வேகம், செங்குத்தான இடத்திலும் முழங்காலை நோகவிடாமல் உட்கார்ந்தபடியே ஏறுவதற்குப் போதுமானது. பின்னால் 25 பற்கள் மட்டுமே இருந்தால், சைக்கிள் கடையில் சொல்லிப் பெரிய பற்சக்கரத் தொகுதியைப் பொருத்திக்கொள்வதே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு என்பது என் கருத்து.

இரண்டாவது படி: பயிற்சி

எட்டு முதல் பத்து வாரங்கள் ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், ஒரு நாள் ஏற்றப் பயிற்சி, ஒரு நாள் இலேசான ஓட்டம் போதும். ஏற்றப் பயிற்சிக்கு இருபது நிமிடம் ஏறக்கூடிய ஒரே மேட்டைத் தெரிவுசெய்து, முதலில் ஒரு தடவையும் பின்னர் இரண்டு, மூன்று தடவையும் ஏறி இறங்குங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் அளவுகோல். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அந்த வேகத்தை நான்கு மணிநேரம் தாங்க முடியாது. இதய நோய், இழைப்பு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்னரே வைத்தியரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

பாதையையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையக வீதிகள் பல இடங்களில் சரிந்தன. ஆகவே, கடும் மழைக்குப் பின்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் பயிற்சிக்குப் புறப்படக் கூடாது.

மூன்றாவது படி: ஏறும்போது பொறுமை

நான் முதன்முறை கலந்துகொண்டபோது, அதிகாலைக் குளிரில் கால்கள் இலேசாக இருந்ததால் கம்பளையிலிருந்து புசல்லாவை வரை முன்னால் போனவர்களை விடாமல் துரத்தினேன். இறம்பொடைச் சுரங்கப் பாதையைக் கடந்து இரண்டு வளைவு ஏறுவதற்குள் இரண்டு தொடைகளும் இறுகிப் பிடித்துக்கொண்டன. இறங்கி நிற்கவும் முடியவில்லை. காலை மடக்கவும் முடியவில்லை. வீதியோரக் கடையில் இருந்த அம்மா ஒருவர் என்னை வாங்கில் உட்கார வைத்து, கித்துள் கருப்பட்டித் துண்டொன்றைக் கையில் தந்து, வெறுந்தேநீரை ஊற்றிக்கொண்டே, “மெதுவா ஏறுங்க தம்பி, மலை எங்கயும் போயிராது” என்றார். நான் அரை மணிநேரம் அங்கேயே இருந்தேன். புசல்லாவை வரை நான் முந்திச் சென்ற அத்தனை பேரும் அதற்குள் என்னைக் கடந்து போய்விட்டார்கள்.

ஆகையால் முதல் 20 கிலோமீற்றரை, இது மிகவும் மெதுவாக இருக்கிறதே என்று மனம் சொல்லும் வேகத்தில் ஓடுங்கள். வளைவு தெரிந்தவுடனேயே இலேசான கியருக்கு மாறிவிடுங்கள். முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும்போது கியரை மாற்றினால் செயின் நழுவும். கொண்டை ஊசி வளைவின் உட்புறம் மிகச் செங்குத்தாக இருக்கும் என்றாலும், எதிரே பஸ் வரும் வீதியில் நடுப்பக்கம் விலகி ஏறுவது ஆபத்து. இடது ஓரத்தை விடாமல், அந்தப் பத்து மீற்றருக்கு மட்டும் எழுந்து நின்று மிதியுங்கள்.

பசி எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உடலுக்குத் தேவைப்படுகிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. அரை மணிக்கு ஒரு பழமோ, அதற்கு ஈடான கருப்பட்டியோ ரொட்டித் துண்டோ போதும். இரண்டு போத்தல்களில் ஒன்றில் வெறும் தண்ணீரும், மற்றதில் பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள அளவின்படி கரைத்த ஜீவனியும் (உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: குளிரும் பனிமூட்டமும்

ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. கம்பளையில் வியர்த்து நனைந்த அதே சட்டையோடுதான் லபுக்கலையின் பனிமூட்டத்துக்குள் நுழைவீர்கள். மெல்லிய மழைக்கோட்டொன்றைச் சுருட்டி முதுகுப் பையில் வையுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும்.

ஐந்தாவது படி: இறக்கம்

சில நிகழ்வுகள் நுவரெலியாவோடு முடியாமல் ஹக்கலை வழியாக வெலிமடை நோக்கி இறங்கும். புதியவர்கள் ஏற்றத்துக்குப் பயப்படும் அளவுக்கு இறக்கத்துக்குப் பயப்படுவதில்லை என்பதே என் பெரிய கவலை. சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர் 800 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, கிட்டத்தட்ட இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் போகிறது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறி, உள்ளே ரியூப் வெடிக்கவும் கூடும்.

எனவே வளைவுக்கு முன்னரே, சைக்கிள் நேராக இருக்கும்போது, முன் பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். பின்னர் முழுவதுமாக விட்டுவிடுங்கள். வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும். பார்வை வளைவின் முடிவில் இருக்கட்டும். மழையில் ரிம்மின் ஈரம் துடைபடும் வரை பிரேக் பிடிக்காது என்பதால், வழமையைவிட முன்னதாகவே அழுத்தத் தொடங்க வேண்டும். எவரேனும் விழுந்து அடிபட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்; அது இலவசம்.

நுவரெலியாவை அடைந்தவுடன் ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததை அணிந்துகொண்டு, பிறகு சாப்பிடுங்கள். மறுநாள் சைக்கிளிலேயே கீழே இறங்குவதாக இருந்தால், காலையில் சில்லுகளைக் கழற்றிப் பிரேக் கட்டைகளை விரலால் தடவிப் பாருங்கள். மழைநீரோடு வந்த சிறு மணற்கல் ரப்பரில் புதைந்திருக்கும். அதை ஊக்கின் முனையால் குத்தி எடுத்த பின்னரே புறப்படுங்கள்.